சாக்லேட்டுக்குத் தங்கப் பதக்கம்... கருப்பட்டிக்கு என்ன மரியாதை?

ராமநாதபுரம் கடலோரத்தில், உச்சிப்புளி தொடங்கி மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் வரைக்கும் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களிடம் கொஞ்ச காலமாக ஒரு கேள்வி சுற்றி வருகிறது. ‘தென்னைக்கு ஊடுபயிராக கோகோ போடலாமா?’ என்பதுதான் அது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் உறவினர் தோப்பைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் பெரும்பாலும் இதைக் கேட்கிறார்கள்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நெடுங்காலம் கிலோ 200 ரூபாயைச் சுற்றியே நின்ற உலர்ந்த கோகோ விதை, 2024-ம் ஆண்டு கோடையில் 1,000 ரூபாயைத் தொட்டது. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் விளையும் மேற்கு ஆப்பிரிக்காவில் மழைக் கோளாறும் நோயும் சேர்ந்து விளைச்சலைச் சாய்த்ததால் வந்த ஏற்றம் அது. ஏறிய வேகத்திலேயே பிறகு இறங்கவும் செய்தது.

விலை எதுவானாலும் கடலோர விவசாயிக்கு உரிய பதில் ஒன்றுதான். கோகோவுக்கு வருஷத்துக்கு 1,250 மில்லி மீட்டருக்குக் குறையாத மழை வேண்டும். அது மாதங்களுக்குப் பரவலாகவும் பெய்ய வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தின் மழை 800 மில்லி மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். உப்புத்தண்ணீர்க் கிணறு, மணல் மண், கோடையின் உப்புக்காற்று ஆகிய மூன்றையும் கோகோ இலை தாங்காது. ஆசைக்கு வீட்டுக் கொல்லையில் இரண்டு செடி வைத்துப் பார்க்கலாம். கடன் வாங்கி ஏக்கர் கணக்கில் நடக்கூடாது.

ஆனாலும் கோகோவைப் பற்றி இந்த மண்ணின் விவசாயிகள் தெரிந்துகொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. ஒரே மரத்துக் காய், ஒரே எடை விதை. ஒருவர் பக்குவத்துக்கு உலக மேடையில் பதக்கம் கிடைக்கிறது. இன்னொருவருடையது மொத்த வியாபாரியின் மூட்டையில் பத்தோடு பதினொன்றாகப் போகிறது. அந்த வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது பனை ஏறுகிறவர்களுக்கும், முண்டு மிளகாய் காயப்போடுகிறவர்களுக்கும் உதவும் பாடம்.

குற்றாலத்தில் இறங்கிய செடி

இந்தியாவுக்குக் கோகோ முதன்முதலில் வந்து இறங்கியது தமிழ்நாட்டில்தான். 1798-ம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தோனேசியப் பக்கத்து அம்போன் தீவிலிருந்து கொண்டுவந்து குற்றாலத்தில் நட்டார்கள். அது அன்றைக்குப் பெரிதாகப் பரவவில்லை. 20-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கேரளத்தில் தென்னை, பாக்குத் தோப்புகளுக்குள் ஊடுபயிராகக் கால் ஊன்றியது. பிறகு ஆந்திரத்தின் கோதாவரிக் கரைக்கும், தமிழ்நாட்டின் ஆனைமலைப் பக்கத்துக்கும் பரவியது.

ரொம்ப நாளாக இந்த விதைகளைப் பெரிய கம்பெனிகள் மொத்தமாக வாங்கின. விதை நயமா, சுமாரா என்று ஒவ்வொரு தோட்டமாகப் பார்க்கும் பழக்கம் இல்லை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான் நிலைமை மாறியிருக்கிறது. ஆனைமலையில் ‘சோக்லெட்’ என்ற பெயரில் ஒரு தோட்டத்தார் தங்கள் மரத்து விதையிலேயே சாக்லேட் செய்கிறார்கள். கேரளத்தின் இடுக்கி மாவட்டம் உடும்பன்னூரில் ‘கோகிரவுண்ட்’ என்ற நிறுவனம் சிறு விவசாயிகளிடம் விளைச்சலை வாங்கி, நொதிக்கவைக்கும் வேலையை ஒரே இடத்தில் கவனமாகச் செய்கிறது. கொச்சியின் ‘பால் அண்ட் மைக்’, ஹைதராபாத்தின் ‘மனம்’ ஆகிய சாக்லேட்டுகள் சர்வதேசப் போட்டிகளில் பதக்கம் வாங்கியிருக்கின்றன.

இதில் கொச்சி நிறுவனத்துக்குப் பேர் வாங்கிக்கொடுத்த ஒரு பண்டம், உப்பில் ஊறிய ‘கேப்பர்’ மொட்டின்மேல் பால் சாக்லேட் பூசியது. கேப்பர் என்பது வறண்ட நிலத்துப் புதர்ச்செடி. ஆதண்டங்காய் வற்றல் போடுகிறோமே, அந்த ஆதொண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேலி ஓரத்துச் செடி என்று ஒதுக்குகிற வகையறாவில் ஒன்றின் மொட்டு உலகப் போட்டிக்குப் போகிறது என்பதைக் கடலோரத்துக்காரர்கள் காதில் போட்டுக்கொள்வது நல்லது.

வாய் கழுவ சோளக் களி

இந்தத் துறையில் மூன்று போட்டிகளைச் சொல்லலாம். லண்டனில் 2005-ல் தொடங்கிய ‘அகாடமி ஆஃப் சாக்லேட்’ ஒன்று. 2012-ல் தொடங்கிய ‘இன்டர்நேஷனல் சாக்லேட் அவார்ட்ஸ்’ மற்றொன்று. இவை இரண்டும் செய்து முடித்த சாக்லேட்டை மதிப்பிடுபவை. மூன்றாவது, 2009-ல் தொடங்கிய ‘ககாவோ ஆஃப் எக்ஸலன்ஸ்’ என்ற திட்டம். இது சாக்லேட்டுக்கு முந்திய விதையை, அதாவது விவசாயியின் பக்குவத்தை மதிப்பிடுகிறது. ரோம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பயோவர்சிட்டி இன்டர்நேஷனல் அங்கம் வகிக்கும் ஆராய்ச்சிக் கூட்டணி இதை நடத்துகிறது.

மதிப்பிடும் முறை எளிமையானது. சாக்லேட் உறையைப் பிரித்து, எண் மட்டும் போட்டு நடுவர் முன் வைப்பார்கள். யார் செய்தது, எந்த நாடு, என்ன விலை எதுவும் நடுவருக்குத் தெரியாது. ஒன்றைச் சுவைத்த ருசி நாக்கில் தங்கி அடுத்ததைக் கெடுத்துவிடக் கூடாது அல்லவா? அதற்காக இன்டர்நேஷனல் சாக்லேட் அவார்ட்ஸ் நடுவர்கள் இடையிடையே ‘பொலெண்டா’ சாப்பிடுகிறார்கள். அது என்னவோ என்று நினைக்க வேண்டாம். உப்புப் போடாத மக்காச்சோளக் களிதான்.

விதைப் போட்டியில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். விவசாயிகள் நொதிக்கவைத்துக் காயவைத்த விதையில் சில கிலோ அனுப்ப வேண்டும். கூடவே, எத்தனை நாள் நொதித்தது, எப்படிக் காய்ந்தது என்ற விவரத்தையும் எழுதித் தர வேண்டும். எல்லா விதையையும் எண் இட்டு, ஒரே முறையில் வறுத்து அரைக்கிறார்கள். நல்ல இயந்திரம் வைத்திருப்பவர், பால் சர்க்கரை சேர்த்து மறைக்கத் தெரிந்தவர் என்ற பேதமே இங்கே வராது. அதில் தேறும் சிறந்த 50 மாதிரிகளை மட்டும் சாக்லேட்டாகச் செய்து மறுபடி சுவைக்கிறார்கள்.

மதிப்பெண் தாளில் ‘நன்று, மிக நன்று’ என்று எழுதி முடிப்பதில்லை. கசப்பு எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, பழ மணம், பூ மணம், பருப்பு மணம் எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எண் போடுகிறார்கள். அதில் ஒரு சுவைக்கு அவர்கள் வைத்திருக்கும் அடையாளம் ‘பனேலா’. தென் அமெரிக்காவின் கரும்பு வெல்லம் அது. வெல்லத்தின் மணத்தை உலகத்தரச் சுவைகளில் ஒன்றாக வைத்து மதிப்பெண் போடுகிறார்கள் என்பது கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

குறைகளுக்கும் பட்டியல் உண்டு. பூஞ்சண வாடை, புகை வாடை, மண் தூசி வாடை, அளவு மீறிப் புளித்த வாடை, தோல் வாடை. இவற்றில் ஒன்று தட்டுப்பட்டாலும் மதிப்பெண் சரிந்துவிடும். பதக்கம் கிடைக்காதவருக்கும் அவருடைய விதையில் என்ன இருந்தது, என்ன குறை என்ற அறிக்கை போகிறது. அடுத்த வருஷம் எதைத் திருத்த வேண்டும் என்று அதைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளலாம். பதக்கத்தைவிட அந்த அறிக்கை பெறுமதியானது.

ருசி பிறக்கும் இடம்

கோகோ காயை உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை போர்த்திய 30, 40 விதைகள் இருக்கும். அந்த ஈர விதையை அப்படியே காயவைத்து அரைத்தால் சாக்லேட் ருசி வராது; துவர்ப்பும் கசப்பும்தான் வரும். மரப்பெட்டியில் போட்டு, வாழை இலையும் சாக்கும் மூடி, ஐந்து முதல் ஏழு நாள் வைக்க வேண்டும். சதையின் சர்க்கரையை முதலில் ஈஸ்ட் சாராயமாக்கும். விதையைக் கிளறிக் காற்றுப்பட வைத்ததும் வேறு நுண்ணுயிர்கள் அதை வினிகர் அமிலமாக்கும். சூடு 45 முதல் 50 டிகிரி வரை ஏறும். விதையின் முளை செத்து, உள்ளே ருசிக்கான மாற்றம் நடப்பது அப்போதுதான். இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறாவிட்டால் பெட்டியின் நடுவில் ஒரு மாதிரி, ஓரத்தில் ஒரு மாதிரி ஆகிவிடும்.

பிறகு வெயிலில் ஒரு வாரம் நிதானமாகக் காய வேண்டும். அவசரப்பட்டுக் காயவைத்தால் அமிலம் உள்ளேயே தங்கிப் புளிக்கும். தாமதித்தால் பூஞ்சணம் பிடிக்கும். விறகுப் புகை பட்டால் அந்த வாடை சாக்லேட் வரைக்கும் போகும். 100 கிலோ ஈர விதை 35 முதல் 40 கிலோவாகக் குறைந்து, ஈரப்பதம் 7 சதவிகிதத்துக்கு வரும்போது மூட்டை கட்டலாம். விதையைக் குறுக்கே வெட்டிப் பார்த்து, உள்ளே பழுப்பா, ஊதாவா, சாம்பலா என்று நிறத்தை வைத்தே நொதித்தது சரியா என்று சொல்லிவிடுவார்கள்.

ஆக, பெரிய நகரத்துச் சாக்லேட் தொழிற்கூடத்தில் பிறக்கிற ருசி என்று நினைப்பதில் பெரும்பகுதி தோட்டத்துக் கொட்டகையிலேயே முடிவாகிவிடுகிறது.

சாயல்குடிப் பக்கத்து அடுப்பு

இப்போது கடலோரத்துக்கு வரலாம். சாயல்குடி, கடலாடிப் பக்கத்திலும், ராமேஸ்வரம் தீவிலும் பனைதான் பழைய பயிர். பதநீர்ப் பருவத்தில் விடியுமுன் இறக்கிய கலயங்களை அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்து, வடிகட்டி, பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சுகிறார்கள். கோகோவுக்கு நொதிப்பு வேண்டும். பதநீருக்கு நொதிப்பே ஆகாது. அதற்குத்தான் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது. சுண்ணாம்பு குறைந்தால் புளித்துப்போகும். கூடினால் கருப்பட்டியில் காரல் தட்டும். பதம் தப்பினால் தீய்ந்த கசப்பு. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு, பத்து லிட்டர் பதநீர் வேண்டும். அந்தப் பதநீருக்காகக் காலையும் மாலையும் ஒருவர் உயிரைப் பணயம் வைத்து ஏறி இறங்க வேண்டும்.

அப்படி ஒரு வீட்டில், பங்குனி மாதத்து வெயிலில், வாங்க வந்த வியாபாரி ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டார்.

“நயம் சரக்குதான்க்கா, இல்லன்னு சொல்லல. ஆனா கடையில வாங்குறவுகளுக்கு வித்தியாசம் தெரியணும்ல? வேணும்னா கிலோவுக்கு அஞ்சு ரூபா கூடத் தாரேன்.”

காய்ச்சிக்கொண்டிருந்த அம்மா துடுப்பை நிறுத்தவில்லை. “ஒரு மூட்டை சீனிய வாங்கிக் கொட்டுனா எனக்கும் விறகு மிச்சம், அண்ணாச்சி. அந்த அஞ்சு ரூவாய்க்கா எம்புட்டு வீட்டுக்காரரு நாப்பது மரம் ஏறி எறங்குறாரு?”

வியாபாரி சொன்னதில் பொய் இல்லை. சீனி மலிவாகக் கிடைக்கிறது. அதைக் கலந்து காய்ச்சினால் செலவு பாதிக்கும் கீழே போய்விடும். உறையில் இரண்டுக்கும் ‘சுத்தமான பனங்கருப்பட்டி’ என்றே அச்சடிக்கிறார்கள். சுவைத்துப் பிரித்துச் சொல்ல ஆள் இல்லாத சந்தையில், ஒழுங்காகக் காய்ச்சுகிறவருக்குத்தான் நஷ்டம். இரண்டு மூன்று பருவம் இப்படிப் போனால், அந்த வீடும் சீனி மூட்டை வாங்கும். இல்லாவிட்டால் மரம் ஏறுவதையே விட்டுவிட்டு பிள்ளைகள் திருப்பூருக்கு பஸ் ஏறுவார்கள். ஏறுகிறவர் இல்லாத பனை கடைசியில் செங்கல் சூளைக்குத்தான் போகும்.

முண்டு மிளகாய்க்கும் அதே கதை

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டை வடிவம், தடித்த தொலி, மானாவாரியில் விளையும் தன்மை எல்லாம் பதிவாகிவிட்டன. குறியீடு பெயரைக் காப்பாற்றும். ருசியைக் காப்பாற்றுவது களம்தான்.

மிளகாய்ப் பழத்தை ரோட்டோரத்தில் கொட்டிக் காயவைத்தால் தூசி, ராத்திரிப் பனி, நாய், கோழி எல்லாம் சேர்கின்றன. பனியில் நனைந்து வெயிலில் காய்ந்து மறுபடி நனைந்த பழம் வெளுத்துச் சண்டு வற்றலாகிறது. பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உருவாகும். ஏற்றுமதியில் சரக்குத் திரும்பி வருவதற்கு அது ஒன்றே போதும். தார்ப்பாயிலோ சூரிய உலர்த்தியிலோ காயவைத்து, மாலையில் மூடி, ஈரப்பதம் 10, 11 சதவிகிதத்துக்கு வந்ததும் மூட்டை கட்டினால் இந்தக் குறைகள் பெரும்பாலும் வராது. சாக்லேட் நடுவர் எழுதும் பூஞ்சணம், தூசி, புகை என்ற அதே மூன்று வார்த்தைகளைத்தான் எட்டிவயல் வளாகத்தில் மிளகாயைக் கையில் அள்ளி முகர்ந்து பார்க்கும் வியாபாரியும் சொல்கிறார். ஒரு வித்தியாசம், அவர் எழுதித் தருவதில்லை. விலையைக் குறைத்துவிட்டுப் போகிறார்.

பதக்கத்தின் மறுபக்கம்

பதக்கம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்கக்கூடாது. சாக்லேட் போட்டிகளில் கலந்துகொள்ள நிறுவனங்கள் கட்டணம் கட்டுகின்றன. பிரிவுகள் பல, ஒரே ஆண்டில் பதக்கங்களும் பல. பதக்கத்தின் படம் உறையில் ஏறும். விதை கொடுத்த விவசாயியின் பெயர் எப்போதும் ஏறுவதில்லை. விதையையே மதிப்பிடும் போட்டியில்தான் மரியாதை நேராக விளைவித்தவருக்குப் போகிறது. நயமான விதைக்குக் கூடுதல் விலை தரும் வாங்குபவர் பக்கத்தில் இல்லாவிட்டால், பதக்கம் சுவரில்தான் தொங்கும். கோகோ விதையிலேயே தனித்த மணத்துக்காக வாங்கப்படுவது உலக உற்பத்தியில் சிறு பங்குதான்.

எனவே கருப்பட்டிக்கு லண்டனிலிருந்து பதக்கம் வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அந்த முறையைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

ஊரிலேயே ஒரு சுவைச் சோதனை

பனைத் தொழிலாளர் சங்கமோ, மகளிர் குழுவோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ பருவத்தில் இரண்டு முறை இதைச் செய்யலாம். செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரே நாள் காய்ச்சலில் அரைக் கிலோ வாங்க வேண்டும். காய்ச்சிய தேதி, சுண்ணாம்பு தடவிய விதம், எந்த விறகு என்பதை ஒருவர் நோட்டில் எழுதி, எண் மட்டும் கொடுக்க வேண்டும். நோட்டு வைத்திருப்பவர் சுவைக்கக் கூடாது.

எல்லாவற்றையும் ஒரே அளவுத் துண்டாக உடைத்து, ஒரே மாதிரித் தட்டில் வைக்க வேண்டும். ஒரு அமர்வுக்கு ஆறு, எட்டு மாதிரிக்கு மேல் வேண்டாம், நாக்கு மரத்துவிடும். காலை நேரம் நல்லது. சுவைப்பவர் அதற்குமுன் வெற்றிலை, புகையிலை, காபி தொடக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் இடையில் தண்ணீரும், உப்பில்லாத கேப்பைக் களி ஒரு வாயும் போதும்.

தாளில் இனிப்பு, இயல்பான கரிப்பு, பதநீர் மணம், புகை, தீய்ந்த கசப்பு, சுண்ணாம்புக் காரல், புளிப்பு, மண் நறநறப்பு என்று கட்டம் போட்டு, பூஜ்யம் முதல் பத்து வரை எண் எழுத வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் கூடாது. எழுதி முடித்த பிறகுதான் பேச்சு.

ஒரே கருப்பட்டியை இரண்டு எண்களில் வைத்துவிடுங்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் போடுகிறவர் நாக்கை நம்பலாம். சீனி கலந்தது என்று தெரிந்த ஒன்றையும் நடுவில் வையுங்கள். அதை எத்தனை பேர் கண்டுபிடிக்கிறார்கள் என்பதிலிருந்து ஊரின் நாக்கு எப்படிப் பழகியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எண்ணைத் திறந்ததும், மேலே வந்த இரண்டு வீட்டாரிடம் எப்படிக் காய்ச்சினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கீழே வந்தவரைச் சபையில் பெயர் சொல்லக்கூடாது. குறை எழுதிய தாளை அவர் கையில் தனியாகக் கொடுக்க வேண்டும். மறு பருவத்தில் அவர் வருவதும் வராததும் இதில்தான் இருக்கிறது.

நாக்கு ருசியைச் சொல்லும். கலப்படத்தை உறுதிப்படுத்துவது ஆய்வகத்தின் வேலை. கரும்பும் பனையும் காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு வேறு. கார்பன் ஐசோடோப் சோதனையில் கரும்புச் சீனி கலந்தது பிடிபடும். ஒரு வீட்டுக்கு அந்தச் செலவு கட்டாது. குழுவாகச் சேர்ந்து, ஒரு பருவத்துக்கு ஒரு மாதிரி என்று அனுப்பலாம். மிளகாய்க் காய்ச்சல் தொடர்பான சந்தேகங்களுக்குப் பரமக்குடி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தையும், உவர் மண் பிரச்னைகளுக்கு ராமநாதபுரம் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தையும் கேட்கலாம்.

தேறிய கருப்பட்டியைத் தேறாததோடு ஒரே பெட்டியில் போடக்கூடாது. ஓலைக் கொட்டானில் தனியாகக் கட்டி, ஊர்ப் பெயர், காய்ச்சிய மாதம், சோதனை எண் மூன்றையும் எழுதி, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு விற்கலாம். கருப்பட்டியும் கடல் உப்பும் சேர்த்துச் சாக்லேட் செய்கிற சிறு தயாரிப்பாளர்கள் இப்போது இருக்கிறார்கள். மிளகாயும் கோகோவும் ஒரே அமெரிக்க மண்ணில் பிறந்தவை. அங்கே பழங்காலத்தில் இரண்டையும் சேர்த்தே பானமாகக் குடித்தார்கள். சாயல்குடிக் கருப்பட்டி, வாலிநோக்கம் உப்பு, முண்டு மிளகாய் ஆகிய மூன்றும் கிடைக்கிற மாவட்டம் இது. ஆனைமலைத் தயாரிப்பாளர் ஒருவர் நாளைக்கு வந்து மாதிரி கேட்டால், எடுத்துக் கொடுக்க எண் போட்ட ஒரு கொட்டானும், மதிப்பெண் எழுதிய ஒரு நோட்டும் தயாராக இருக்கட்டும். மாசி பிறந்தால் பதநீர் இறங்கத் தொடங்கிவிடும். நோட்டை அதற்கு முன்பே வாங்கி வைத்துவிடலாம்.